ராஜினாமாக் கடிதம் அலமாரியிலேயே இருக்கட்டும்

கேள்வி: ஒன்பது வருடமாகத் தனியார் வங்கியில் வேலை. கையில் 42,000 ரூபாய் வருகிறது. இன்சூரன்ஸ் விற்கச் சொல்லி மாதாமாதம் டார்கெட், மேலாளரிடம் ஏச்சு. ஞாயிறு சாயங்காலமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. எனக்கு உயிர், கேக் செய்வது. ஒரு கேக்குக்கு நான்கு மணி நேரம் ஆனாலும் நேரம் போவதே தெரியாது. சொந்தக்காரர்களுக்கும் ஆபீஸ் தோழிகளுக்கும் மாதம் பத்துப் பன்னிரண்டு கேக் செய்து தருகிறேன். செலவு போக ஒன்றுக்கு 400 ரூபாய் நிற்கிறது. தில்லை நகரில் சின்னக் கடை ஒன்று பார்த்திருக்கிறோம். பி.எஃப். பணம் 8 லட்சம் இருக்கிறது. பிடித்ததையே தொழிலாக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். கொடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள், இப்போது வேண்டாம்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 42,000-ஐ 400-ஆல் வகுத்துப் பாருங்கள். 105 வரும். இன்றைய சம்பளத்தை எடுக்க நீங்கள் மாதம் 105 கேக் விற்க வேண்டும். ஒன்றுக்கு நான்கு மணி நேரம் என்றால் 420 மணி நேரம். ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை என்று 30 நாளும் நின்றால் நாளுக்கு 14 மணி நேரம். ஒரே தடவையில் மூன்று கேக் வேகவைத்தால் நேரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அலங்காரத்தை ஒவ்வொன்றுக்கும் தனியாகத்தான் செய்தாக வேண்டும். நீங்கள் உயிராக நினைப்பதும் அந்த அலங்காரத்தைத்தான். இந்தக் கணக்கில் கடை வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, கடைக்கான மின் கட்டணம் இல்லை, உதவிக்கு வைக்கும் பெண்ணின் சம்பளமும் இல்லை.

சரி, கணக்கை ஒதுக்கி வைப்போம். உங்களுக்குப் பிடித்திருப்பது கேக் செய்வது. கடை போட்டால் நாளில் பாதி நேரம் கேக் செய்ய மாட்டீர்கள். கிரீம் வந்ததா, முட்டை விலை ஏறியதா என்று போன் பண்ணுவீர்கள். ராத்திரி 12 மணிக்கு வெட்ட வேண்டிய கேக்கை 11 மணிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். சித்திரை வெயிலில் டூவீலரில் போகும் கேக்கின் ஒரு பக்கம் இளகிச் சரிந்தால், குழந்தையின் பிறந்தநாளைக் கெடுத்துவிட்டீர்களே என்று ஒரு தாய் உங்களிடம் அழுவார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும், பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மறுநாள் காலை மறுபடி மாவு சலிக்க வேண்டும். இதையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

எனக்கு வாசிப்பதில் இருந்த ஆசைதான் என்னைப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தது. வந்த பிறகு காகித விலை, தபால் செலவு, ஏஜென்ட் பாக்கி என்றுதான் பெரும்பாலான நாட்கள் போயின. நல்ல கதை ஒன்று கைக்கு வந்தால் அன்றைக்கு இந்தப் பாரமெல்லாம் லேசாகிவிடும். அதனால்தான் இன்னும் இங்கே இருக்கிறேன். அந்த லேசாகும் உணர்வு உங்களுக்கும் வருமா என்பது வீட்டில் 12 கேக் செய்வதை வைத்துத் தெரியாது. அதுவும் அந்தப் பன்னிரண்டும் உங்கள் மேல் பிரியமுள்ளவர்கள் வாங்கியவை.

கோவை ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மனம் அதிலேயே நின்றுவிட்டது. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். சம்பளத்தைச் சேர்த்து வைத்து அதே வண்டியை வாங்கினார், அக்கக்காகப் பிரித்துப் போட்டுப் படித்தார். அப்புறம் 1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். அவருடைய காதல் எந்திரத்தின் மேல். ஆனால் ஜனங்கள் காசு கொடுத்தது பழனிக்குப் போய்ச் சேர்வதற்காக. இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்ததால் தொழில் நிலைத்தது. ஓட்டல் வேலை அவர் ஆசைக்குப் பணம் கொடுத்தது. உங்கள் வங்கி வேலையையும் கொஞ்ச காலம் அப்படிப் பாருங்களேன்.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தின் முதல் பாதி கேக்கைப் பற்றியது அல்ல, மேலாளரைப் பற்றியது. ஞாயிறு சாயங்காலப் பயம் நிஜமானது, அதைச் சகித்துக்கொண்டு இருங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வேறு கிளை, வேறு பிரிவு, வேறு நிறுவனம் என்று வழிகள் இருக்கின்றன. தப்பித்து ஓடும்போது எதிரே தெரிகிற கதவெல்லாம் நல்ல கதவாகத்தான் தெரியும். மேலாளர் நாளைக்கே மாற்றலாகிப் போய்விட்டால் இந்த ராஜினாமாக் கடிதம் என்ன ஆகும்? அதை யோசித்துவிட்டு வாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உங்கள் பணி நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தால் வாங்கிவிடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வீட்டுச் சமையலறையிலிருந்து விற்றாலும் பதிவு வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், 14 இலக்க எண் கொடுப்பார்கள். தஞ்சாவூர் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. உணவுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு என்னென்ன பயிற்சி இருக்கிறது என்று ஒரு நாள் லீவு போட்டுப் போய் விசாரியுங்கள்.

அடுத்தது விலை. உங்கள் நான்கு மணி நேர உழைப்புக்கு இன்று நீங்கள் போட்டுக்கொள்ளும் கூலி மணிக்கு 100 ரூபாய். கேக் விலையில் 300 ரூபாய் ஏற்றுங்கள். முகம் தெரியாதவர்களுக்கு விற்றுப் பாருங்கள். தெருமுனை பேக்கரியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போதும் உங்களைத் தேடி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்கள்தான் உங்கள் கடையின் அஸ்திவாரம். கூடவே கெடாமல் சில நாள் தாங்குகிற வெண்ணெய் பிஸ்கட், பிளம் கேக் போன்றவற்றையும் செய்து பாருங்கள். ஆர்டர் இல்லாத வாரத்தில் கடையைத் திறந்து வைக்க அவைதான் உதவும்.

ஒரு நோட்டு போடுங்கள். வரவு செலவு ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் அன்றைக்கு எந்த வேலையைத் தள்ளிப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். பாத்திரம் கழுவுவதா, பாக்கி கேட்பதா, டெலிவரியா? தள்ளிப் போடுவதெல்லாம் விற்பது சம்பந்தமானதாகவே இருந்தால் உங்களுக்குக் கடை வேண்டாம். சனிக்கிழமைகளில் நாலைந்து பேருக்குக் கேக் செய்யச் சொல்லிக்கொடுக்கலாம், அல்லது மாதம் பத்து கேக்கோடு சந்தோஷமாக இருக்கலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

தில்லை நகர் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். டிசம்பர் கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆர்டர்களைப் புது விலையில் எடுங்கள். ஜனவரி இரண்டாம் வாரம் அந்த நோட்டின் இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். கடையைப் பற்றி அப்போது பேசுவோம்.