கற்றாழை பாட்டிலில் கற்றாழை எவ்வளவு?

கேள்வி: கற்றாழை ஜெல் வாங்கினேன். பச்சைப் பசேலென்று இருக்கிறது. அசல்தானா?

பதில்: மடலைக் கீறிப் பாருங்கள், உள்ளே சோறு நிறமில்லாமல் இருக்கும். உங்கள் பாட்டிலில் இருப்பது சாயம்.

கேள்வி: முகப்பில் "99% கற்றாழை". பின்பக்கம் தண்ணீர், கிளிசரின், கார்போமர் எல்லாம் வந்து, சாயத்துக்குச் சற்று முன்னால்தான் கற்றாழைப் பொடி. திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு ரொம்ப நாளாக ஆத்திரம் மூட்டும் விஷயம் இது. கற்றாழைச் சோற்றில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர்தான். அதை உலர்த்தி, 200 கிலோ சாற்றை ஒரு கிலோ பொடியாக்கி விற்கிறார்கள். அப்படியானால் அரை சதவீதம் பொடி போட்டாலே முழுச் சாறுக்குச் சமம். நாணயமானவர் அதைப் போடுவார். மற்றவர் ஒரு சிட்டிகை தூவுவார். இரண்டு பட்டியலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பொடியிலேயே மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான மாவுப்பொருளைக் கலப்பவர்களும் உண்டு. கெட்டியாக இருப்பதைப் பார்த்து நம்பவும் முடியாது. வழித்து வைத்த சோறு சீக்கிரமே நீர்த்துப்போகும். நான் வாங்கிய ஒரு ஜெல் மாதக்கணக்கில் அல்வா மாதிரி நின்றது, எல்லாம் கார்போமர் என்ற கெட்டிப்படுத்தும் பொருளின் உபயம். கற்றாழைக்கே உரிய சர்க்கரைப் பொருள் அசிமன்னான். அதற்கான ஆய்வறிக்கையைத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். தராவிட்டால், பில்லையும் லேபிள் படத்தையும் வைத்து நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுங்கள். முகப்பில் எழுதியது பொய் என்றால், திறந்த பாட்டிலா திறக்காததா என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோடு "முழு மடல் சாறு" குடிக்கிறேன். லேபிள் படிக்கவில்லை. பேதியாகிறது. உடம்பு சுத்தமாகிறது என்கிறார் விற்றவர்.

பதில்: இன்றே நிறுத்துங்கள். வாய்க்குள் போகும் பொருளின் லேபிளைக்கூடப் படிக்காமல் வாங்குவீர்களா? மடலை வெட்டியதும் தோலோரம் மஞ்சளாக, கசப்பாக வடிகிறதே, அதில் இருப்பது அலோயின். அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் பேதிக்குக் கொடுத்துவந்த மூசாம்பரம். சோறு வேறு, இது வேறு. கடையில் சீட்டில்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் இதற்கிருந்த அனுமதியை அமெரிக்க அரசு 2002-இல் நீக்கியது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாற்றை 2பி பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றில், வைத்திருக்கிறது. பேதி நீடித்தால் பொட்டாசியம் இறங்கும். மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையும் அளவுக்கு மீறி இறங்கலாம். மருத்துவரிடம் பாட்டிலையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: கர்ப்பிணிகள் கற்றாழைச் சாறு குடிக்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: லேசான சூட்டுக்காயத்துக்கு ஜெல் வாங்கவா, செடி வாங்கவா?

பதில்: செடி. முதலில் காயத்தைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வெட்டிய மடலை நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றைக் கழுவித் தடவுங்கள். எரிச்சல் அடங்கும். கொப்புளம் உடைந்திருந்தாலோ காயம் ஆழமாக இருந்தாலோ எதையும் தடவாமல் மருத்துவரிடம் போங்கள்.