வாசகர் கேள்வி – பதில்: உமிழ்நீர்ச் சோதனையும் ரெக்கார்டு நோட்டும்

கேள்வி: ஸ்டார்ச் எனும் மாவுச்சத்தைச் சிதைக்கும், உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி எந்த வெப்பநிலையில் நன்றாகச் செயல்படுகிறது என்ற சோதனையைப் பள்ளியில் செய்தோம். வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சித்தண்ணீரில் உமிழ்நீரைக் கலந்து, ஒரு குழாயைப் பனிக்கட்டியிலும், ஒன்றை 37 டிகிரியிலும், மற்றொன்றை 80 டிகிரி வெந்நீரிலும் பத்து நிமிடம் வைத்துவிட்டு, எடுத்தவுடன், ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாகும் அயோடினை விட்டேன். பனிக்கட்டிக் குழாய் கருநீலமாயிற்று. மற்ற இரண்டிலும் நீலம் வரவில்லை. ஆகவே 80 டிகிரியிலும் நொதி நன்றாகச் செயல்படுகிறது என்று எழுதினேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, ‘திரும்ப எழுதுக’ என்று குறித்துவிட்டார். பாடப்புத்தகத்தில் இருப்பதையே எழுதிவிடு என்கிறாள் தோழி. கண்ணால் கண்டதை எப்படி மாற்றி எழுதுவது?
— பிளஸ் ஒன் மாணவி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: கண்டதை மாற்ற வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் கண்டது பாதி, தீர்ப்பு பாதி. ‘80 டிகிரிக் குழாயில் அயோடின் விட்டபோது நீல நிறம் தோன்றவில்லை’ என்பது நீங்கள் கண்டது. அதை எந்தச் சிவப்பு மையும் அடிக்க முடியாது. ‘நொதி நன்றாகச் செயல்பட்டது’ என்பதோ அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவு. முதல் வாக்கியம் ‘காண்பன’ என்ற பத்தியில் அப்படியே இருக்கட்டும். இரண்டாவது ‘அறிவன’ என்ற பத்திக்கு உரியது. அங்கே வருவதற்கு முன், நீலம் தோன்றாமைக்கு வேறு காரணம் இருக்கக்கூடுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, சூடான கரைசலில் ஸ்டார்ச் அயோடினோடு நீல நிறம் தராது. ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ் என்பது சுருளாக வளையும் நீண்ட சங்கிலி. அந்தச் சுருளின் உட்குழிவில் அயோடின் புகுந்து வரிசையாக அமர்வதால்தான் கருநீலம் பிறக்கிறது. சூட்டில் அந்தப் பிணைப்பு தளர்ந்து நிறம் மறைகிறது, ஆறியதும் திரும்பி வருகிறது. உமிழ்நீரே சேராத கஞ்சித்தண்ணீரைக் கொதிக்கும் நீரில் வைத்து நன்றாகச் சூடாக்கி, அதில் ஒரு துளி அயோடினை விட்டுக் குழாயின் அடிப்பாகத்தை மட்டும் குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பாருங்கள். ஆறத் தொடங்கிய அடியில் நீலம் முதலில் பிறந்து மேல்நோக்கிப் பரவும். நொதிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது, நீங்கள் உமிழ்நீரையும் கஞ்சியையும் முதலில் கலந்துவிட்டுப் பிறகுதான் வெந்நீரில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கலவை 80 டிகிரியை எட்டுவதற்கு முன் 37, 45, 50 டிகிரிகளைக் கடந்துதான் போக வேண்டும். உமிழ்நீர் நீர்க்காததாக இருந்தால், அந்தச் சில விநாடிகளிலேயே ஸ்டார்ச்சின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதற்குப் பிறகு சூட்டில் நொதி தன் வடிவத்தை இழந்தாலும் அது ஏற்கெனவே செய்த வேலை அழியாது. ஆகவே உமிழ்நீரையும் ஸ்டார்ச் கரைசலையும் தனித்தனிக் குழாய்களில் ஐந்து நிமிடமாவது அந்தந்த வெப்பநிலையில் வைத்திருந்து, அதன் பின்னரே ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும்.

உங்கள் குழாயில் நிகழ்ந்தது இவ்விரண்டில் எது என்பதைக் கண்டறிவதற்கு ஆசிரியரும் வேண்டாம், பாடப்புத்தகமும் வேண்டாம்; ஒவ்வொரு வெப்பநிலையிலும் இன்னொரு குழாயைப் பக்கத்தில் வைத்து, உமிழ்நீருக்குப் பதில் அதே அளவு தண்ணீரைச் சேர்த்தால் போதும். கட்டுப்பாட்டுக் குழாய் என்று நாம் மனப்பாடமாக எழுதுவது இதைத்தான். 80 டிகிரியில் அந்தக் குழாயிலும் நீலம் வராவிட்டால் சூடுதான் காரணம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு குழாய்களையும் ஆறவைத்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் மட்டும் நீலமாகி உமிழ்நீர்க் குழாய் நிறமற்றே இருந்தால், சூடேறும் வழியிலேயே நொதி வேலையை முடித்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டுமே நீலமானால் நொதி அந்த வெப்பத்தில் செயல்படவில்லை என்று எழுதலாம். அனுமதி கிடைத்தால் ஒரு மதியத்தில் இதைத் திரும்பச் செய்து, பழைய பக்கத்தைக் கிழிக்காமல், ‘மறுசோதனை’ என்று அடுத்த பக்கத்தில் தேதியுடன் எழுதுங்கள். தோழி சொன்னபடி புத்தகத்தைப் பார்த்து எழுதினால் மதிப்பெண் வரலாம். ஆனால் அந்தப் பக்கத்துக்கும் நீங்கள் செய்த சோதனைக்கும் உறவு இருக்காது.

உங்கள் கஞ்சித்தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது நல்ல ஸ்டார்ச்தான். ஆனால் மட்டை அரிசியா, பொன்னியா, எவ்வளவு நீரில் வடித்தது, உப்புச் சேர்த்ததா என்பவை ரெக்கார்டில் இல்லாவிட்டால் வேறொருவர் அதே சோதனையைச் செய்ய முடியாது. உப்பு இங்கே சுவை சம்பந்தப்பட்ட செய்தி அன்று. அதிலுள்ள குளோரைடு அயனி அமைலேஸைத் தூண்டிவிடக் கூடியது. உங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் கூவைப்பொடியில் (ஆரோரூட் மாவில்) ஒரு கிராமை முதலில் சிறிது குளிர்ந்த நீரில் குழைத்து, பிறகு கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறி 100 மில்லிலிட்டராக்கிக்கொண்டால் அளவு தெரிந்த கரைசல் கையில் இருக்கும். உமிழ்நீரையும் வாயை நன்றாகக் கொப்பளித்த பின் எடுத்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்து பயன்படுத்துங்கள். அவரவர் உமிழ்நீரை அவரவரே கையாள்வது சுகாதாரத்துக்கும் நல்லது.

‘அறை வெப்பநிலை’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வதும் உங்கள் ஊரில் ஆகாது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது உண்டு. அப்போது அறை வெப்பநிலைக் குழாயும் 37 டிகிரிக் குழாயும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிறம் இழந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வெப்பமானியைப் பார்த்து எண்ணைக் குறித்துவிடுங்கள்.

செய்முறையை எழுதும்போது கையேட்டில் உள்ள ‘எடுக்கவும்’, ‘சேர்க்கவும்’, ‘கலக்கவும்’ என்பவற்றை அப்படியே இறக்காதீர்கள். அவை செய்யப்போகிறவருக்கு இடும் ஏவல். நீங்கள் செய்து முடித்தவர். ‘5 மில்லிலிட்டர் ஸ்டார்ச் கரைசலுடன் 1 மில்லிலிட்டர் உமிழ்நீர்க் கரைசல் சேர்க்கப்பட்டது’ என்று நீங்கள் உண்மையில் எடுத்த அளவோடு எழுத வேண்டும்.

கேள்வி: வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவை இரைப்பை நொதியான பெப்சின் செரிக்கிறதா என்று பார்த்தோம். அமிலமும் பெப்சினும் சேர்ந்த குழாயில் இருந்த பால்போன்ற கலங்கல் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. ஆனால் புரதம் இருந்தால் ஊதா நிறம் காட்டும் பையூரெட் சோதனையில் அப்போதும் ஊதா நிறமே வந்தது. செரிக்கவில்லை என்று எழுதுவதா, செரித்தது என்று எழுதுவதா?
— பி.எஸ்சி. முதலாண்டு மாணவர், நகரி, ஆந்திரப் பிரதேசம்

பதில்: இரண்டையும் ‘காண்பன’வில் எழுதுங்கள், அவற்றுக்குள் முரண்பாடு இல்லை. பெப்சின் புரதத்தை அமினோ அமிலம்வரை கொண்டுபோய்விடுவதில்லை. நீண்ட சங்கிலியைச் சிறு பெப்டைடுத் துண்டுகளாக வெட்டுவதோடு பெரும்பாலும் அதன் வேலை முடிகிறது. பையூரெட் சோதனையோ இரண்டு பெப்டைடுப் பிணைப்புகள் இருந்தாலே நிறம் காட்டிவிடும். ஆகவே ஊதா மறையாது. துண்டுகள் சிறுக்கச் சிறுக்க இளஞ்சிவப்பின் பக்கம் சாயும், அவ்வளவே. செரிக்காத குழாயைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டால் அந்தச் சாயல் தெரியும். இந்தச் சோதனைக்குக் கலங்கல் தெளிவதே நம்பத்தக்க அடையாளம். எத்தனையாவது நிமிடத்தில், எந்த அளவு தெளிந்தது என்பதை எழுதுங்கள்.

‘அமிலம் மட்டும்’ சேர்த்த குழாயை நீங்கள் வைத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. இரைப்பைச் சாற்றில் அமிலத்தைத் தவிர வேறொரு பொருளும் செரிமானத்தைச் செய்கிறது என்று காட்டி, அதற்கு 1836-இல் பெப்சின் என்று பெயரிட்டவர் தியோடர் ஷ்வான். அதே கேள்விக்குத்தான் உங்கள் ரெக்கார்டும் விடை சொல்ல வேண்டும். ஆகவே அமிலம் மட்டும், பெப்சினும் தண்ணீரும், கொதிக்கவைத்த பெப்சினும் அமிலமும் என்ற மூன்று குழாய்களும் அட்டவணையில் இருக்க வேண்டும். அவை கலங்கலாகவே இருந்தன என்ற மூன்று வரிகள் இல்லாமல், நான்காவது குழாய் தெளிந்ததை மட்டும் சொல்லிப் பெப்சினுக்குப் பெருமை சேர்க்க முடியாது.

கேள்வி: பனிக்கட்டியில் வைத்த உமிழ்நீர்க் குழாயில் இருபது நிமிடமாகியும் அயோடின் நிறம் மாறவே இல்லை. நிறம் மறைய எத்தனை நிமிடம் ஆயிற்று என்று காட்டும் வரைபடத்தில் அதற்கு எங்கே புள்ளி வைப்பது? 37 டிகிரிதான் உச்சம் என்று எழுதலாமா?
— பிளஸ் டூ மாணவர், மூணாறு

பதில்: 20 என்று வைத்தால் இருபதாவது நிமிடத்தில் முடிந்தது என்று பொருளாகிவிடும். ஆகவே புள்ளி வேண்டாம்; அட்டவணையில் ‘20 நிமிடத்துக்கு மேல்’ என்று எழுதி, வரைபடத்தின் அடியில் ஒரு குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள். அந்தக் குழாயைக் கொட்டிவிடாமல் 37 டிகிரி நீருக்கு மாற்றி மறுபடியும் நிமிடக் கணக்கில் பாருங்கள். நிறம் மாறத் தொடங்கினால், குளிர் நொதியை மந்தப்படுத்தியதே தவிர அழிக்கவில்லை என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று கிடைக்கும். கொதிக்கவைத்த உமிழ்நீர் அப்படி மீள்வதில்லை. உச்சத்தைப் பற்றி: 0, 37, 60 என்ற மூன்று வெப்பநிலைகளை மட்டும் பார்த்தவர், ‘பார்த்த மூன்றில் 37 டிகிரியில் விரைவாக நடந்தது’ என்று எழுதலாம். 30, 40, 45 ஆகியவற்றையும் வைத்துப் பார்த்த பின்னரே உச்சம் எங்கே என்ற பேச்சை எடுக்க முடியும்.