பிள்ளைகளை மதம் மாற்றிய சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது: முதல் 3 மாதங்களில் என்ன செய்வது?

கேள்வி: 2013இல் பட்டர்வொர்த்தில் எங்களுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. பிறகு கோயிலில் தாலி கட்டினார். 9 வயதில் மகளும் 4 வயதில் மகனும் இருக்கிறார்கள். போன வருடம் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, வீட்டை விட்டுப் போய்விட்டார். இரண்டு வாரத்துக்கு முன்பு, பிள்ளைகள் இருவரும் இஸ்லாத்தைத் தழுவியதாகச் சொல்லும் சான்றிதழ்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிள்ளைகள் என்னிடம்தான் இருக்கிறார்கள். "இனி எல்லாம் ஷரியா நீதிமன்றத்தில்தான்" என்கிறார். தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன்னுக்குப் போய்ச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்களா? என் திருமணம் முறிந்துவிட்டதா? (வாசகி, செபராங் பிறை)

பதில்: சகோதரி, முதலில் உங்களை வாட்டும் இரண்டு கேள்விகள். திருமணம் முறியவில்லை. பதிவு செய்த திருமணம், கணவர் மதம் மாறினாலும், உயர் நீதிமன்றம் விவாகரத்து வழங்கும் வரை சட்டப்படி நிற்கும். ஜேபிஎன் கவுண்டரில் போய்ச் சொல்வதால் ஒன்றும் மாறாது. இஸ்லாமியச் சமய இலாகா கொடுத்த சான்றிதழை ரத்து செய்யும் அதிகாரம் அந்தக் கவுண்டருக்கு இல்லை. அலைந்து நாளை வீணாக்காதீர்கள். இந்த விஷயத்தில் நாள்தான் முக்கியம்.

ஒருதலைப்பட்ச மதமாற்றம் பற்றிய சட்டம் இன்று உங்கள் பக்கம் இருக்கிறது. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. 2009இல் அவருடைய மூன்று பிள்ளைகளையும் கணவர் மதம் மாற்றியிருந்தார். தாய்க்குத் தெரியாது, பிள்ளைகள் அங்கே இல்லவும் இல்லை. கடைசிக் குழந்தைக்கு அப்போது 11 மாதம். அரசமைப்புச் சட்டத்தின் 12(4)ஆவது பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டவரின் மதத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார் என்கிறது. பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தால் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். மதமாற்றப் பதிவாளரின் முடிவைச் சிவில் உயர் நீதிமன்றம் ஆராயலாம் என்றும் அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. ஷரியா நீதிமன்றத்துக்கு உரிய விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1988இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 121(1ஏ) பிரிவைக் காட்டி, இந்த வழக்கு சிவில் நீதிமன்றத்தில் நிற்காது என்று யாராவது சொன்னால், இந்தத் தீர்ப்புதான் பதில்.

லோ சியூ ஹோங்கின் வழக்கும் உங்களுக்குப் பொருந்தும். அவருடைய மூன்று பிள்ளைகளை 2020இல் பெர்லிசில் தந்தை மதம் மாற்றினார். உயர் நீதிமன்றத்தில் தாய் தோற்றார். 2024 ஜனவரி 10 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மதமாற்றத்தைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மே 14 அன்று, பெர்லிஸ் தரப்பு மேல்முறையீடு செய்யக் கேட்ட அனுமதியைக் கூட்டரசு நீதிமன்றம் மறுத்தது.

ஆனால் பலர் தடுமாறுவது இங்கேதான். தீர்ப்பு இருக்கிறது என்பதால் உங்கள் பிள்ளைகளின் சான்றிதழ் தானாகச் செத்துப்போகாது. ஒரு நீதிபதி உங்கள் வழக்கில் ரத்து செய்யும் வரை, அரசாங்கக் கோப்பில் உங்கள் பிள்ளைகள் முஸ்லிம்கள். 2016இல் நாடாளுமன்றத்துக்கு வந்த திருமணச் சட்டத் திருத்த மசோதாவில், பிள்ளையின் மதத்தை மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று சொல்லும் 88ஏ என்ற பிரிவு இருந்தது. அது நிறைவேறியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 2017இல் அந்தப் பிரிவை மீட்டுக்கொண்டு மற்றதை நிறைவேற்றினார்கள். அதனால்தான் ஒவ்வொரு தாயும், சில இடங்களில் தந்தையும், தனித்தனியாக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது. நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் வழி இதுதான்.

இனி செய்ய வேண்டியவை.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், கைப்பேசியையும் மாற்றாதீர்கள். செய்தி வந்த நாளும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பதிவாளரின் முடிவை எதிர்க்கும் வழக்கு நீதித்துறை மறுஆய்வு எனப்படும். நீதிமன்ற விதிகள் 2012இன் 53ஆவது ஆணைப்படி, முடிவு உங்களுக்கு முதலில் தெரியவந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் அனுமதி மனு போட வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வாரம் போய்விட்டது. தாமதமானால் தக்க காரணம் காட்டி நீட்டிப்பு கேட்கலாம். கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்கக்கூடாது. "குடும்பத்தில் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும்" என்று காத்திருந்து இந்த 3 மாதத்தைத் தொலைப்பவர்கள் நிறைய. பேசுவது பேசட்டும், மனு ஒரு பக்கம் போகட்டும்.

சான்றிதழில் மூன்று விஷயம் பாருங்கள்: எந்த மாநிலத்தில் பதிவு, எந்தத் தேதி, கையெழுத்து யாருடையது. நீங்கள் பினாங்கில் இருப்பதால் பினாங்கில்தான் பதிவு நடந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். எந்த மாநிலத்தின் சமய மன்றமும் பதிவாளரும் எதிர்மனுதாரர் என்பது இதை வைத்துத்தான் முடிவாகும். அந்த மாநிலத்தின் இஸ்லாமிய நிர்வாகச் சட்டத்தைத்தான் வழக்கறிஞர் புரட்ட வேண்டியிருக்கும். உதாரணமாக, கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில், 85ஆவது பிரிவு மதம் மாறுபவர் இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவைப் பொருள் உணர்ந்து, சொந்த விருப்பத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. 95ஆவது பிரிவு 18 வயதுக்குக் கீழ் இருந்தால் யார் சம்மதம் வேண்டும் என்று சொல்கிறது.

சான்றிதழில் உள்ள தேதியன்று உங்கள் மகள் எங்கே இருந்தாள்? பள்ளி நாள் என்றால் தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேட்டு நகலைத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கேளுங்கள். மகன் பாலர்பள்ளிக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ போயிருந்தால் அங்கும் கேளுங்கள். இந்திராவின் வழக்கில் சான்றிதழ்கள் விழுந்ததற்குத் தாயின் சம்மதம் இல்லாதது மட்டும் காரணம் இல்லை. பிள்ளைகள் நேரில் போய்க் கலிமா சொல்லாததும் காரணம். உங்களுக்கு இரண்டு வாதமும் கிடைத்தால் மனு இரண்டு காலில் நிற்கும்.

மறுஆய்வு மனுவுக்கு முன்பே, குறைந்தது அதனுடன் சேர்த்தே, பிள்ளைகளின் இடைக்காலப் பராமரிப்பு உரிமைக்கு மனு போடுங்கள். எங்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம். சான்றிதழ் வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடலாம், பிள்ளை கை மாற ஒரு பிற்பகல் போதும். இந்திராவுக்கு 2010 மார்ச்சிலேயே மூன்று பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையும் கிடைத்தது. ஆனால் கைக்குழந்தையைத் தந்தை முன்பே கொண்டுபோயிருந்தார். 2018இல் உச்சத் தீர்ப்பு வந்த பிறகும் அந்தக் குழந்தையைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார் அந்தத் தாய்.

உங்களுடையது பதிவுத் திருமணம் என்பதால் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் பொருந்தும். அதன் 88(3) பிரிவு, 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று அனுமானிக்கிறது. மாற்றுச் சான்று காட்டினால் அந்த அனுமானம் உடையலாம். மகனுக்கு இது நேராக உதவும். மகளுக்கு 9 வயது. அவளுடைய விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கக்கூடும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தயார்படுத்தாதீர்கள், நீதிபதிகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உத்தரவில் என்னென்ன வாசகம் இடம்பெற வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். 89(2)(ஏ) பிரிவு, பிள்ளை வசிக்கும் இடம், படிப்பு, வளரும் மதம் ஆகியவற்றை உத்தரவிலேயே நிபந்தனையாக எழுத நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வழக்கறிஞர் இதைக் கேட்காமல் விட்டால் நீதிபதி தாமாக எழுத மாட்டார். 101ஆவது பிரிவின்படி பிள்ளைகளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடையும் கேளுங்கள். உத்தரவு கிடைத்ததும், அதை மீறினால் சிறைத் தண்டனை என்ற எச்சரிக்கைக் குறிப்பை நகலில் பதித்து, கணவர் கையில் நேரடியாகச் சேர்ப்பிக்க வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாமலோ, நேரில் கொடுக்காமலோ விட்டால், பின்னால் அவர் மீறும்போது நீதிமன்ற அவமதிப்பு மனு தொழில்நுட்பக் காரணத்தால் விழுந்துவிடும். அவர் முகவரி தெரியாவிட்டால் மாற்று வழியில் சேர்ப்பிக்க முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். முத்திரையிட்ட நகல் ஒன்று பள்ளித் தலைமையாசிரியரிடமும், இன்னொன்று உங்கள் பகுதிப் போலீஸ் நிலையத்தில் புகாருடனும் இருக்கட்டும். பள்ளி வாசலில் யார் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

ஷரியா நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணையோ உத்தரவோ வந்தால் கிழித்துப் போடாதீர்கள், பயந்து போய் ஆஜராகவும் வேண்டாம். வந்த தேதியை உறையில் குறித்து அப்படியே வழக்கறிஞரிடம் கொடுங்கள். அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர்கள் மீது மட்டுமே. முஸ்லிம் அல்லாத நீங்கள் அங்கே கட்சிக்காரராக முடியாது. சிவில் முறைப்படி நடந்த திருமணத்தின் மணவிலக்கும் பிள்ளைகளின் பராமரிப்பும் சிவில் நீதிமன்றத்துக்கே உரியது என்று 2016 பிப்ரவரி 10 அன்று தீபா என்ற தாயின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே வழக்கில், பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டபின், மகனைத் தந்தையிடமும் மகளைத் தாயிடமும் பிரித்துக் கொடுத்தார்கள். மகன் அதற்குள் தந்தையுடன் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழ்ந்துவிட்டான். பிள்ளை இப்போது உங்களிடம் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது இதிலிருந்து புரியும்.

அதற்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்கோ தமிழ்நாட்டுக்கோ போய்விடாதீர்கள். ஷமளா என்ற தாய் அப்படி வெளிநாடு போனார். அவருடைய வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை வந்தது. அவர் நீதிமன்ற உத்தரவை மீறி வெளியே இருக்கிறார் என்பதால் 2010 நவம்பர் 12 அன்று அவருடைய கேள்விகளைக் கேட்கவே மறுத்துவிட்டார்கள்.

இணையத்தில் படித்துவிட்டு ஐநா குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தைக் காட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மலேசியா அதில் 1995இல் சேர்ந்தது உண்மை. ஆனால் குழந்தையின் மதச் சுதந்திரம் பற்றிய 14ஆவது பிரிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விலக்கு தெரிவித்துவிட்டுத்தான் சேர்ந்தது. உங்கள் மனுவை அதன்மேல் கட்ட முடியாது. ஜெர்மனியில் 1921ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வயதில் பிள்ளையே தன் மதத்தை முடிவு செய்யலாம், 12 வயதுக்குமேல் அதன் விருப்பத்துக்கு எதிராக வேறு மதத்தில் வளர்க்க முடியாது. இந்தியாவில், முதல் திருமணம் முறியாமல் மதம் மாறி இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சர்ளா முத்கல் வழக்கில் சொன்னது. இவையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள நல்லவை. பினாங்கு உயர் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றுவது 12(4)உம் 2018 தீர்ப்பும்தான்.

விவாகரத்தை அவசரப்பட்டுச் செய்ய வேண்டியதில்லை, ஆனால் தள்ளிக்கொண்டே போகவும் வேண்டாம். 2018 டிசம்பர் 15 முதல் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51ஆவது பிரிவு மாறியிருக்கிறது. முன்பு மதம் மாறாத துணை மட்டுமே மனு போட முடியும், அதற்கும் மதமாற்றத்துக்குப் பிறகு 3 மாதம் காத்திருக்க வேண்டும். இப்போது இருவரில் யாரும் போடலாம், இருவரும் சேர்ந்தும் போடலாம். ஜீவனாம்சம், பிள்ளைகளின் செலவு, சொத்துப் பங்கு எல்லாம் அதே மனுவில் வரும். பிள்ளைகளின் செலவு 18 வயதோடு நிற்காமல், மேற்படிப்பு அல்லது பயிற்சி முடியும் வரை தொடரலாம் என்று 95ஆவது பிரிவையும் அப்போதே திருத்தினார்கள்.

விவாகரத்து ஆகாமலே கணவர் காலமானால் என்ன? 51ஏ என்ற புதிய பிரிவு, மதம் மாறியவரின் சொத்தை மனைவி, பிள்ளைகள் உள்ளிட்ட உரியவர்களுக்குப் பங்கிட சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் நீங்கள் மனு போட வேண்டும். ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப் பணம் வேறு கதை: முஸ்லிம் உறுப்பினர் நியமித்தவர் அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகமாட்டார், வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தால் தவணையை யார் கட்டுகிறார்கள் என்பதற்கான வங்கி அறிக்கைகளை இப்போதே எடுத்து வையுங்கள்.

பதிவு இல்லாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டியவர்களுக்கு மேலே சொன்ன பாதி பொருந்தாது. 1982 மார்ச் 1க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் வேறு வழியில் போக வேண்டியிருக்கும். வழக்கறிஞரிடம் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

பணம் குறைவு என்றால், பராமரிப்பு உரிமைக்கும் மணவிலக்குக்கும் பிரதமர் துறையின் கீழுள்ள சட்ட உதவி இலாகாவை, அதாவது ஜேபிஜியை அணுகலாம். வருமான வரம்பு பார்ப்பார்கள். ஜார்ஜ் டவுனில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. கணவர் அடித்தாலோ மிரட்டினாலோ, தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசியின் 15999 எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். பினாங்கில் பெண்கள் மாற்ற மையம், டபிள்யூசிசி என்று அழைப்பார்கள், ஆலோசனை தரும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மைகிட் (சிறுவர் அடையாள அட்டை), பள்ளி அறிக்கைகள், காதுகுத்து, பெயர் சூட்டு விழாப் படங்கள், கோயில் ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கைப்பேசியையும் மறக்காதீர்கள். வெள்ளைத் தாளில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், "வெறும் கவுன்சலிங் பாரம்" என்று சொன்னாலும் சரி.

சான்றிதழ் ரத்தான பிறகுதான் ஜேபிஎன் வேலை. முத்திரையிட்ட தீர்ப்பு நகலுடன் போய்ப் பிள்ளைகளின் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். மகளுக்கு இன்னும் 3 ஆண்டில் 12 வயதாகும். அடையாள அட்டையான மைக்கார்ட் எடுக்க வேண்டும். முஸ்லிம்களின் மைக்கார்டில் மட்டும்தான் மதம் முகப்பிலேயே அச்சாகும். அதற்குள் வழக்கு முடியாவிட்டால், மைக்கார்ட் விண்ணப்பத்துடன் வழக்கு நடப்பதைச் சொல்லும் வழக்கறிஞர் கடிதத்தையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.