கோத்தகிரி விடுதிப் படங்களை மொத்தமாகச் சுருக்க

வணக்கம். விடுதித் தளத்துக்கு 300 படங்கள், ஒவ்வொன்றும் 6 எம்பி, பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் மூலப் படங்களை வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள் (நான் எடுக்காமல் விட்டு, குறிஞ்சிப் படங்களை எல்லாம் கெடுத்துக்கொண்டவன்). அப்புறம் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும், மாற்றும் மென்பொருளில் பி (B) விசையை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். படத்தின் நீளமான பக்கம் 1600 பிக்சல் போதும். ஜேபெக் (JPEG) கோப்பாகச் சேமிக்கும்போது தரம் நூற்றுக்கு 60 போதும் என்பார்கள் சிலர். நம் மலைப் படங்களுக்கு அது சரிப்படாது. பனிமூட்டமும் வெளிறிய வானமும் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். 85 வையுங்கள். எக்சிஃப் தகவலை (படம் எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்பது உட்பட, கேமரா படத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பு) நீக்குவதாக இருந்தால், செங்குத்தாக எடுத்த படங்களை முதலில் நிமிர்த்திச் சேமியுங்கள், இல்லாவிட்டால் தளத்தில் படுத்துக்கொள்ளும். இன்னொன்று: இர்ஃபான்வியூ வணிகம் அல்லாத உபயோகத்துக்குத்தான் இலவசம், விடுதிக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும்.