அட்டையில் அச்சான பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் அண்ணனுக்கு அடுத்த மாதம் 60 வயது நிறைகிறது. கல்லூரி நாள்களிலிருந்தே ராக் இசையில் ஊறியவர்; கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் என்றால் அவருக்கு உயிர். ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் ‘பேஷன்ட் நம்பர் 9’ ஆல்பம் இரட்டை எல்.பி.யாக (இரண்டு இசைத்தட்டுகளாக) விற்பனைக்கு இருப்பதை இணையத்தில் பார்த்தேன். கிளாப்டன், ஜெஃப் பெக் என்று விளம்பரத்தில் பெரிய பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. விலை 5,000 ரூபாயைத் தாண்டுகிறது. வாங்கலாமா? – வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கிளாப்டனுக்காக மட்டும் என்றால் வேண்டாம். 13 பாடல்கள் உள்ள இந்த ஆல்பத்தில் அவர் கிடார் வாசிப்பது ‘ஒன் ஆஃப் தோஸ் டேஸ்’ என்ற ஒரே பாடலில்தான். ஜெஃப் பெக்குக்கு இரண்டு பாடல்கள், பிளாக் சப்பாத் குழுவின் டோனி ஐயோமிக்கு இரண்டு, பேர்ல் ஜாம் குழுவின் மைக் மெக்ரெடிக்கு ஒன்று. ஆஸியின் நெடுநாள் கிடார் கலைஞரான ஸாக் வைல்டின் பெயர் நான்கு பாடல்களில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட்டும் கிடார் வாசித்திருக்கிறார். விளம்பரம் பொய் சொல்லவில்லை. யார் எத்தனை பாடலில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறது. பல விருந்தினர்களை வைத்து வரும் எந்த ஆல்பத்தை வாங்கும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எந்தப் பாடலில் யார் வாசித்தார் என்ற விவரம் உறைக்குள் இருக்கும் கையேட்டில் அச்சாகியிருக்கும். ஆனால் சீல் வைத்த உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்க முடியாது. அதனால் இசைச் செயலிகளில் பாடல் பெயருக்குக் கீழே வரும் கலைஞர் பெயர்களை வாங்கும் முன்பே பாருங்கள்.

ஆனால் உங்கள் அண்ணன் பிளாக் சப்பாத்தையும் கேட்டு வளர்ந்தவர் என்றால் என் பதில் மாறிவிடும். 1970-இல் அந்தக் குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது ஆஸியின் குரலும் ஐயோமியின் கிடாரும்தான் அதன் உயிர்நாடி. 1979-இல் ஆஸி குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பின்னாளில் இருவரும் மேடையிலும் சப்பாத் பெயரிலும் மறுபடி இணைந்தார்கள் என்றாலும், ஆஸியின் தனி ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றில் ஐயோமி வாசித்தது 2022 செப்டம்பரில் வெளிவந்த இந்த ஆல்பத்தில்தான் முதல்முறை. ‘டிகிரடேஷன் ரூல்ஸ்’ பாடலில் ஐயோமியின் கனத்த கிடாருக்கு ஈடாக ஆஸி ஹார்மோனிகாவை எடுத்து ஊதுகிறார். சப்பாத்தின் முதல் ஆல்பத்தில் அவர் ஊதிய ஹார்மோனிகாவைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பது உடனே புரியும். 2023 பிப்ரவரியில் அந்தப் பாடலுக்கு ஒரு கிராமி விருதும், முழு ஆல்பத்துக்குச் சிறந்த ராக் ஆல்பம் என்ற கிராமியும் கிடைத்தன. ஆல்பத்தின் ஆகச் சிறந்த இடம் என்று நான் சொல்வது ஐயோமியின் இரு பாடல்களையும்தான். கிளாப்டனின் பங்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்காக 5,000 ரூபாய் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்கின்சன் நோயோடு போராடிக்கொண்டே ஆஸி பாடிய ஆல்பம் இது. இதில் டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவரான டெய்லர் ஹாக்கின்ஸ் வெளியீட்டுக்கு முன்பே, 2022 மார்ச்சில் காலமானார். ஜெஃப் பெக் 2023 ஜனவரியில் மறைந்தார். ஆஸி 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரான பர்மிங்காமில் கடைசிக் கச்சேரியை முடித்து, அதே மாதம் 22-ஆம் தேதி விடைபெற்றார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி ஸ்டூடியோ ஆல்பம் இதுவே. ஒரு ரசிகருக்குக் கொடுக்க இதைவிட அர்த்தமுள்ள பரிசு அதிகம் இல்லை.

இனி, எந்த வடிவம்? அண்ணன் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று அண்ணியிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் சி.டி. போதும், ஒரு மணி நேரம் ஓடும் இந்த ஆல்பம் முழுவதும் ஒரே சி.டி.யில் அடங்கிவிடும். எல்.பி.யின் ஒரு பக்கத்தில் 20 நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல் வரை மட்டும் பதிந்தால்தான் ஒலி நன்றாக இருக்கும். அதனால்தான் இதை இரண்டு தட்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள், விலையும் கூடியிருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தாலும் மயங்க வேண்டாம். அனுப்பும் செலவு, சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கு விதிக்கும் ஜி.எஸ்.டி.) மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தட்டு உடைந்து வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அந்தத் தளத்தில் படித்துவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய இரட்டை எல்.பி.யில் ஒரு தட்டு நெளிந்திருக்கிறது. இரண்டாவது பாடலிலேயே ஊசி தாவுகிறது. “சீலைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறது கடை. என்ன செய்வது? – வாசகர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: விட்டுக்கொடுக்காதீர்கள். தட்டு நெளிந்திருப்பதை சீலைப் பிரிக்காமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கடை தானே எழுதி வைத்திருக்கும் நிபந்தனை இந்த விதிக்கு மேலே போக முடியாது.

முதலில் ஆதாரத்தைத் திரட்டுங்கள். தட்டைச் சுழலவிட்டு, கண் மட்டத்தில் கைபேசியைப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள். ஊசி ஏறி இறங்குவதும் தாவும் இடமும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். லேசான நெளிவு இருந்தும் பாட்டு தடங்கலின்றி ஓடினால் அதைக் குறை என்று நிலைநாட்டுவது கடினம். உங்கள் விஷயத்தில் ஊசியே தாவுவதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஊசிக் கை தட்டின் மேல் அழுத்தும் எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொரு நல்ல தட்டு அதே பிளேயரில் ஒழுங்காக ஓடுவதையும் சேர்த்துப் படமெடுத்தால், கடை உங்கள் கருவியின் மேல் பழி போட முடியாது.

பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. கடையோடு தொலைபேசியில் பேசியதை மட்டும் நம்பியிருந்தால் பின்னால் நிரூபிப்பது கடினம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே வழிக்கு வந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணைய வழியிலும் புகார் தரலாம். இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு என்றாலும், பாடல் ஓடாத தட்டை அலமாரியில் வைத்துக்கொண்டு அவ்வளவு காலம் காத்திருக்க எந்த அவசியமும் இல்லை.

கேள்வி: புதுச்சேரிக் கடை ஒன்றில் வாங்கிய இறக்குமதி சி.டி.யில் பாதிப் பாடல்கள் ஓடவில்லை. “வழக்கு என்றால் புதுச்சேரிக்குத்தான் வர வேண்டும்” என்று கடைக்காரர் மிரட்டுகிறார். – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அவர் சொல்வது தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். நடுவில் மாநில எல்லை வருவது தடையே இல்லை. பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. அந்த நினைப்பில் இன்னும் பலர் பேசுகிறார்கள். பில் இருக்கிறதல்லவா? உறையின் பின்புறத்தையும் பாருங்கள். இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், தயாரான நாடும், அதிகபட்ச சில்லறை விலையும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எதுவுமே இல்லை என்றால் அது கள்ளப் பதிப்பாக இருக்கலாம். அந்தப் பக்கத்தையும் படமெடுத்துப் புகாரோடு இணையுங்கள்.

கேள்வி: புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ரிங்கோ ஸ்டாரின் ‘ரிங்கோ’ எல்.பி.யைப் பார்த்தேன். “பீட்டில்ஸ் நால்வரும் சேர்ந்து பாடியது, அதனால்தான் இந்த விலை” என்றார் விற்பவர். உண்மையா? – வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பாதி உண்மை. 1973-இல் வந்த அந்த ஆல்பத்தில் நால்வரின் பங்கும் இருக்கிறது. ஆனால் நால்வரும் சேர்ந்து வாசித்த பாடல் ஒன்றுகூட அதில் இல்லை. ஜான் லெனன் எழுதிய ‘ஐ ஆம் த கிரேட்டஸ்ட்’ பாடலில் ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் இருக்கிறார்கள். பால் மெக்கார்ட்னி வேறு பாடல்களில் வருகிறார். அருமையான ஆல்பம், வாங்குங்கள். ஆனால் நால்வர் கதைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் தட்டை வெளியே எடுத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அட்டையிலும் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளிலும் ஒரே பதிவு எண் இருக்க வேண்டும். சந்தையில் அட்டை ஒன்று, தட்டு வேறொன்று என்பது நடக்கக்கூடியதுதான். கடலோர ஈரத்தில் படிந்த பூஞ்சையை, லேபிள் நனையாமல், காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் கொண்டு துடைத்துவிடலாம். குறுக்கே ஓடும் ஆழமான கீறலுக்கு மருந்தே இல்லை. அங்கே பில் கிடைக்காது, அடுத்த வாரம் அதே இடத்தில் அவர் இருப்பார் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே கீறல் கண்ணில் பட்டால் பாதி விலைக்குக் கேளுங்கள். அவர் இறங்கி வராவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.