ஊரைப் பற்றி எழுதுகிறேன், யாருக்காக எழுதுவது?

கேள்வி: எங்கள் ஊர் வாழ்க்கையைப் பற்றி வலைப்பூ எழுதுகிறேன். பூங்கா, கடை, கண்காட்சி, உடற்பயிற்சி என்று எல்லாம் எழுதியும் வாசகர்கள் ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கான எழுத்துப் பகுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: தலைப்பைத் தேடாதீர்கள், வாசகரை முடிவு செய்யுங்கள். 'பூங்காக்கள்' என்பது தலைப்பு. 'கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகிறவர்' என்பது வாசகர். அவர் கேட்பது வாசலில் படியா சரிவுப்பாதையா, கழிவறை திறந்திருக்குமா, மாலை நான்கு மணிக்கு எந்தப் பக்கம் நிழல் என்பதைத்தான். அதே பூங்காவை முழங்கால் வலி உள்ள முதியவருக்காக எழுதினால், ஒரு பெஞ்சுக்கும் அடுத்த பெஞ்சுக்கும் எவ்வளவு தூரம் என்பதே முதல் வரிக்கு வந்துவிடும். பொதுவாக 'அழகான பூங்கா' என்று எழுதினால் இருவருக்குமே பயனில்லை. திரும்பி வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வாசகரை முடிவு செய்ததும், அவருக்காக 40 தலைப்புகளை ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள். 15-லேயே கை நின்றுவிட்டால் வட்டம் மிகச் சிறியது, அல்லது அந்த வாசகரை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. 40-ம் வந்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டைத் தொடுங்கள். ஒரே ஆள் இரண்டையும் திறந்து படிப்பாரா? மாட்டார் என்றால் வட்டம் இன்னும் பெரிதாகவே இருக்கிறது.

அடுத்து, ஏற்கெனவே எழுதியவற்றைச் சோதியுங்கள். உங்கள் பக்கங்கள் கூகுள் தேடலில் எப்படித் தெரிகின்றன என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் கடந்த மூன்று மாதத் தேடல் சொற்களை எடுத்து, அதிகம் காட்டப்பட்டும் சொடுக்குகள் குறைவாக உள்ளவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் தேடல் முடிவுப் பட்டியலில் மிகக் கீழே இருந்தாலும் இப்படி ஆகும் என்பதால், சராசரி இடத்தையும் சேர்த்தே பாருங்கள். மேலே இருந்தும் யாரும் தொடவில்லை என்றால், கேட்டது ஒன்று, உங்கள் தலைப்பு சொன்னது வேறு. ஒரு சொல்லை மக்கள் தேடுவது கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸை மட்டும் நம்ப வேண்டாம். அது தேடல்களின் எண்ணிக்கையைச் சொல்லாது. 0 முதல் 100 வரையிலான ஒப்பீட்டு அளவைத்தான் காட்டும். சிறிய ஊருக்குப் போதிய தரவு இல்லையென்று வெறுமையாகவும் நிற்கும். ஊர்ப் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டி, பின்னால் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்து வரும் பரிந்துரைகளைப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது.

கேள்வி: இவ்வளவு சுருக்கிக்கொண்டால் எழுத விஷயம் தீர்ந்துவிடாதா?

பதில்: உள்ளூர்த் தகவல் சீக்கிரம் பழசாகிவிடும். நேரம் மாறும், நுழைவுக் கட்டணம் மாறும், கடை இடம் மாறும். பாதி உழைப்பு பழைய பதிவுகளைச் சரிபார்ப்பதற்கே போகும், போகவும் வேண்டும். ஒவ்வொரு பதிவின் மேலேயும் 'நேரில் பார்த்த நாள்' என்று தேதி போடுங்கள். புதிய தகவலை அதே பக்கத்தில் திருத்துங்கள். தனிப்பதிவாகப் போட்டால், பழையது தேடலில் மேலே நின்று தவறான நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதனால்தான் இணைய முகவரியில் ஆண்டைச் சேர்க்கக் கூடாது.

கேள்வி: புதிய பகுதிக்கு ஏற்ப வலைப்பூவின் பெயரையும் முகவரியையும் மாற்றலாமா?

பதில்: முதல் சில மாதங்களுக்குத் துணைத் தலைப்பை மட்டும் மாற்றுங்கள், எடுத்த பகுதி நிலைக்கிறதா என்று தெரியட்டும். முகவரியை மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 திருப்பிவிடுதல் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே, நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) மூலம் இணையுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால், தேடி வந்தவருக்குக் கேட்ட தகவல் கிடைக்காது. இந்தத் திருப்பிவிடுதல்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள். அதுவரை பழைய முகவரியை (டொமைன் பெயரை) உங்கள் பெயரில் வைத்திருக்க, அதன் உரிமத்தைப் புதுப்பிக்கத் தவறாதீர்கள்.