காணாமல் போன ஆல்பமும் மாதம் 300 ரூபாயும்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 2019 வாக்கில் இணையத்தில் தற்செயலாகக் கேட்ட நாலைந்து சுயாதீன இசைக்கலைஞர்களை இன்றுவரை விடாமல் கேட்டுவருகிறேன். அவர்களில் ஒருவருடைய முதல் ஆல்பம் திடீரென்று செயலியிலிருந்து காணாமல் போய்விட்டது. இன்னொருவர் சினிமாவில் பாடப் போய்விட்டார், சொந்தப் பாட்டு எதுவும் வருவதில்லை. மூன்றாமவரிடமிருந்து இரண்டு வருடமாகச் சத்தமே இல்லை. மாதம் 300 ரூபாய் ஒதுக்க என்னால் முடியும். இவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிற மாதிரி நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் காணாமல் போன ஆல்பத்தைப் பார்ப்போம். மற்றக் கேள்விகளுக்கான வழியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுயாதீனமாகப் பாடுகிறவர் ஸ்பாட்டிஃபை மாதிரியான செயலியில் தன் பாட்டைத் தானே நேரடியாக ஏற்ற முடியாது. பாட்டை வாங்கிச் செயலிகளுக்கு அனுப்பிவைக்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் வேண்டும். அவர்களில் பலர் வருடச் சந்தா வாங்குகிறார்கள். சந்தா நின்றுபோனால் பாட்டும் எல்லாச் செயலிகளிலிருந்தும் இறங்கிவிடுவது சாதாரணம். ஆறேழு வருடத்துக்கு முந்தைய ஆல்பம், அந்தச் சந்தாவுக்கான பணத்தைக்கூட ஈட்டவில்லை என்றால், வீட்டு வாடகை நெருக்கும் மாதத்தில் அவர் எதைக் கட்டுவார்? பத்து வருடத்துக்கு மேலாக இப்படிப்பட்ட கலைஞர்களின் பாடல்களை வெளியிட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பாட்டுகள் மறைந்துபோக நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். இசைக்குழுவுக்குள் சண்டை, ஒப்பந்தச் சிக்கல், பாட்டுக்காகக் காசு கொடுத்து வாங்கிய பீட்டின் (பின்னணி இசையின்) உரிமம் முடிந்தது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தளமே கைவிடுவதும் உண்டு. ஒரு காலத்தில் சுயாதீன இசைக்குப் பெரிய வீடாக இருந்த மைஸ்பேஸ், சர்வர் மாற்றும்போது பழைய கோப்புகள் அழிந்துவிட்டன என்று 2019இல் ஒப்புக்கொண்டது. 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட சுமார் 5 கோடிப் பாடல்கள் போயின என்று அப்போது செய்தி வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், செயலியில் கேட்கும் பாட்டு உங்களிடம் இருக்கும் பாட்டு இல்லை. விற்பனைக்கு இருக்கும் இடத்தில் வாங்கி, கோப்பாக இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாக் வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் ஒலித்தரம் குறையாது, எம்பி3 வேண்டும் என்றால் அதிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். பெரும்பாலான ஸ்ட்ரீமிங் செயலிகளில் நீங்கள் கட்டும் சந்தா, நீங்கள் கேட்டவருக்கு அப்படியே போவதில்லை. நாட்டில் எல்லோரும் கட்டிய பணம் ஒரே பானையில் சேர்ந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. மாதம் முழுக்க நீங்கள் ஒரே ஒரு சின்னப் பாடகரை மட்டும் கேட்டாலும், உங்கள் பணத்தில் பெரும்பகுதி பெரிய சினிமாப் பாடல்களின் பக்கம்தான் போகும். ஒரு வீட்டுக்கு நீங்கள் எழுதிய மொய், ஊரிலேயே பெரிய கல்யாணம் நடக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்வது மாதிரி. 2021இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம், கேட்பவரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. இதுவரை அது விதிவிலக்குதான்.

இன்னொன்றும் உண்டு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அந்த ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகை (ராயல்டி) கிடைக்கும். உங்கள் பாடகரின் புதுப் பாட்டு அந்த எண்ணிக்கையை நெருங்கிக்கொண்டிருந்தால், நாலு நண்பர்களை முழுதாகக் கேட்கவைப்பது நிஜமான உதவி. ஆனால் தயவுசெய்து இரவெல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரே பாட்டை ஓடவிடாதீர்கள், காசு கொடுத்து எண்ணிக்கையை ஏற்றும் பக்கமே போகாதீர்கள். செயற்கையான கேட்பு என்று கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடுகிறது. அது கடைசியில் கலைஞர் தலையில்தான் விடியும், சில நேரம் பாட்டையே இறக்கிவிடுவார்கள். அன்பினால் செய்த காரியத்தால் ஒருவருடைய பாட்டு இறக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு என்ன நடந்தது என்று புரிவதற்கே வாரக்கணக்கில் ஆனது.

கேட்பு எண்ணிக்கை கோடிகளில் இருந்தால் பணமும் கொட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெங்கும் ஒலித்தது. மூன்று வருடம் கழித்து அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சர்ச்சையின் உள்விவரத்துக்குள் நான் போகவில்லை. கேட்பவருக்கும் கலைஞருக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்று பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தக் கைகளைக் குறைப்பதற்குத்தான் உங்கள் 300 ரூபாய். ஐந்து பேருக்கு மாதம் 60, 60 என்று பிரிக்காதீர்கள். இணையத் தளங்கள் வழியாக ஒவ்வொரு முறை பணம் போகும்போதும் கட்டணம் பிடிக்கப்படும், சின்னத் தொகையில் அது நிறையத் தின்றுவிடும். சேர்த்துவைத்து, வருடத்துக்கு 3,600 ரூபாய் என்று கணக்கிடுங்கள். அதில் இரண்டு மூன்று ஆல்பம், ஒன்றிரண்டு ஷோ டிக்கெட், ஒரு டி-ஷர்ட் வரும்.

ஆல்பம் வாங்க இப்போதைக்கு நல்ல இடம், கலைஞர்கள் தங்கள் பாடல்களை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி கலைஞருக்கு. 2020 மார்ச்சிலிருந்து சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15 சதவீதத்தையும் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த நாளுக்காகக் காத்திருந்து வாங்கலாம். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கக்கூடும், வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். யூடியூபில் ரசிகர்கள் மாதாமாதம் பணம் கட்டிச் சேரும் மெம்பர்ஷிப் வசதி வைத்திருக்கும் கலைஞருக்கு அதில் 70 சதவீதம் போகிறது. கலைஞருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் பேட்ரியான் மாதிரியான தளங்களில் ஐபோன் செயலிக்குள் சேராமல் பிரௌசர் வழியாகச் சேருங்கள், ஆப்பிள் எடுக்கும் பங்கு மிச்சம்.

தமிழ்நாட்டில் பலர் யூபிஐ எண்ணையே போட்டுவிடுகிறார்கள். அதுதான் இருப்பதிலேயே நேரான வழி. ஆனால் அந்த எண் அவருடைய சொந்தச் சேனலில் இருக்கிறதா, அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். "நான்தான் அந்தப் பாடகர், அவசரமாகப் பணம் வேண்டும்" என்று தனிச்செய்தியில் வந்தால், அது பெரும்பாலும் போலிக் கணக்கு.

ஷோவுக்குப் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது, கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக எழுந்த அந்தச் சத்தத்தை எந்தச் செயலியும் முழுதாகத் தந்துவிட முடியாது. டிக்கெட்டும், வாசலில் மேசை போட்டு விற்கும் டி-ஷர்ட்டும்தான் ஒரு பேண்டுக்கு அன்றைக்கே கையில் கிடைக்கும் காசு.

காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது, ரசிகர்கள் அதை யோசிப்பதே இல்லை. உங்கள் நிறுவனத்தில் ஆண்டு விழா நடக்கும் அல்லவா? கல்லூரிக் கல்ச்சுரல்ஸ் குழுவில் தெரிந்தவர் இருக்கலாம். யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வரும்போது உங்கள் கலைஞரின் பெயரைச் சொல்லுங்கள். சம்பளம் பேசிய ஒரே ஒரு மேடை, பல வருட ஸ்ட்ரீமிங் வருமானத்தை விடப் பெரியதாக இருக்கும். "காசு இல்லை, ஆனால் நாலு பேருக்குத் தெரியவருவீர்கள்" என்று மட்டும் கூப்பிட வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பலர் இசையை விட்டே போகிறார்கள்.

சினிமாவுக்குப் போனவரைப் பற்றி வருத்தப்படாதீர்கள். இங்கே அது பழகிய பாதைதான். 2011இல் யூடியூபில் பரவி, 2012இல் தனி ஆல்பம் போட்ட ஹிப்ஹாப் தமிழா, 2015இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தார்கள். சினிமாச் சம்பளத்தில் மைக் வாங்கி, அடுத்த சொந்தப் பாட்டைப் பதிவுசெய்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவருடைய சொந்தச் சேனலில் பழைய பாடல்களைக் கேட்டுக்கொண்டே இருங்கள். பகிரும்போதும் அந்த லிங்கையே அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் எம்பி3-ஐ அல்ல. தன் பழைய பாட்டுக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்பதை அவர் அந்த எண்ணிக்கையில் பார்ப்பார்.

சத்தமே இல்லாதவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "அடுத்த பாட்டு எப்போது?" என்று கேட்கவே வேண்டாம். வேலை, குழந்தை, உடம்பு என்று ஆயிரம் இருக்கும், அந்தக் கேள்வி கடன்காரன் குரல் மாதிரி கேட்கும். எந்தப் பாட்டை, எந்த நேரத்தில் கேட்டீர்கள், அதில் எந்த வரி ஒட்டிக்கொண்டது என்று மட்டும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

முதல் ஆல்பம் மறைந்துபோனவருக்கும் அப்படியே எழுதலாம். ஆல்பத்தை வாங்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேளுங்கள், கோப்பு அவரிடம் இருந்தால் தருவார். நான்கு வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு பாடகியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, முதல் பதிவுகளுக்கு வேறு பிரதியே இல்லை. எப்போதோ காசு கொடுத்து வாங்கிய ஒரு ரசிகர், திருச்சியிலிருந்து அந்த ஆறு பாடல்களையும் ஃபிளாக்கில் அனுப்பினார். அதைவைத்துத்தான் அவற்றை மறுபடி வெளியிட்டோம்.